கடல் தேளும் எல்லைப் பாறையும்



நட்டுவாக்காலியை அறியாதவர் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் அரியர். மழைக்காலத்தில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் பதுங்கியிருக்கும் கரிய பெருந்தேள் அது. நண்டின் கொடுக்கைப் போல் தடித்த முன்கைகள், கணுக்கணுவாகப் பிரிந்த உடல், முதுகின்மேல் வளைத்துத் தூக்கிய வால். இவ்வளவு இருந்தும் அதன் முழு நீளம் அரையடியைத் தாண்டுவது அபூர்வம். அவ்வுருவத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, அதை எட்டடிக்கு நீட்டி, தண்ணீரில் நீந்தவும் விட்டுப் பாருங்கள். இன்று நான் சொல்ல வந்திருக்கும் பிராணி ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அறிவியலார் அதற்கு யூரிப்டெரிட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பொதுவழக்கில் கடல் தேள் என்பர்.

எட்டடி என்பது கட்டுக்கதை அன்று. ஜெர்மனி நாட்டில் பிரூம் என்னும் ஊருக்கு அருகேயுள்ள கல் குவாரி ஒன்றில், மார்க்கஸ் போஷ்மன் என்ற ஆராய்ச்சியாளர் உளியும் சுத்தியலுமாகக் கல்லைப் பிளந்துகொண்டிருந்தபோது, கல்லின் முகத்தில் கரிய கறை ஒன்று தெரிந்தது. துடைத்துப் பார்க்கப் பற்கள் வெளிப்பட்டன. உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, பொருத்தி ஒட்டி முடித்ததும் கிடைத்தது ஒரே ஒரு கொடுக்கு. அதன் நீளம் 46 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி. அக்கொடுக்கை வைத்து, அதற்குரிய உடல் சுமார் இரண்டரை மீட்டர் இருந்திருக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டு அறிவித்தார்கள். 39 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தப் பிராணியின் பெயர் ஜேக்கலாப்டெரஸ்.

தேள் என்று பெயர் இருப்பதனாலேயே அதனை நம் தேளின் பாட்டன் என்று கொள்ளலாகாது. உறவு உண்டு, நேர் வாரிசு இல்லை. தேள், சிலந்தி, ஒடிசாவின் பாலேசுவரம் கடற்கரையில் இன்றும் கரையேறும் குதிரைலாட நண்டு ஆகியவை எல்லாம் சேர்ந்த பெருங்குடும்பத்தில் இதுவும் ஒரு கிளை. கொடுக்கிலேயே வேற்றுமை தெரியும். நட்டுவாக்காலியின் கொடுக்கு அதன் இரண்டாவது இணைக் கைகளில் அமைந்தது. பெருங்கடல் தேள்களின் கொடுக்கோ வாய்க்கு முன்னே உள்ள முதல் இணையில் வளர்ந்தது. பல இனங்களில் கடைசி இணைக் கால்கள் துடுப்புகளாகத் தட்டையாகிவிட்டிருந்தன. தலையோட்டின்மேல் இரண்டு பெருங்கண்கள், அவற்றுக்கு நடுவே இரண்டு சிறுகண்கள். பின்னுடலில் 12 வளையங்கள். முடிவில் ஒரு முள், அல்லது அகன்ற வால்தகடு. அம்முள்ளில் நஞ்சு இருந்ததென்பதற்குச் சான்றில்லை.

இதுவரை ஏறத்தாழ 250 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பழமையானது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிடைத்து 2015இல் பெயரிடப்பட்ட பென்டிகாப்டெரஸ். வயது 46 கோடியே 70 லட்சம் ஆண்டுகள். கடைசிக் கடல் தேள்கள் 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், உலக உயிரினங்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டுபோன பேரழிவோடு மறைந்தன. இவ்விரு எண்களையும் நேயர்கள் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். நம் கதை இவற்றைச் சுற்றித்தான் நடக்கிறது.

கடல் தேளை முதலில் கண்டவர்கள் அதனை இன்னதென்று அறியவில்லை. நியூயார்க் மாநிலத்தில் கிடைத்த படிவம் ஒன்றை 1818இல் சாமுவேல் மிட்சில் என்ற அறிஞர் கெளுத்தி மீன் என்றே எழுதினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. நசுங்கிய அகன்ற தலையும், மீசைபோல் இருபுறம் நீண்ட கால்களும் கெளுத்தியைத்தான் நினைவூட்டும். 1825இல் ஜேம்ஸ் டிகே என்பவர் அது மீனன்று, கணுக்காலிகளைச் சேர்ந்தது என்று கண்டு, யூரிப்டெரஸ் ரெமிபெஸ் என்று பெயரிட்டார். 'துடுப்புக்காலுடைய அகன்ற சிறகன்' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். 1984இல் நியூயார்க் மாநிலம் இதனையே தன் மாநிலப் படிவமாக ஏற்றது.

ஸ்காட்லாந்தில் நிகழ்ந்தது இதைவிடச் சுவையானது. அங்கே ஆங்கஸ் பகுதியில் தளக்கல் வெட்டும் தொழிலாளிகள், கல்லைப் பிளக்கும்போது செதில் செதிலாக இறகுக் கோலம் பதிந்த துண்டுகளை அடிக்கடி கண்டார்கள். ஆராய்ச்சி நூல் எதையும் அவர்கள் படித்ததில்லை. ஆனால் மாதாகோயிலில் சிறகு விரித்த தேவதூதர்களின் வடிவங்களைப் பார்த்திருந்தார்கள். ஆகவே அத்துண்டுகளுக்குச் 'செராபிம்' என்று பெயர் வைத்தார்கள். வேதாகமத்தில் ஆறு சிறகுடைய தூதர்களுக்குரிய பெயர் அது. ஐரோப்பாவின் மீன்படிவப் பேரறிஞரான லூயி அகாசி அதனை முதலில் மீன் என்று கருதி, டெரிகோட்டஸ், அதாவது சிறகுடையது, என்று 1839இல் பெயரிட்டார். சில ஆண்டுகளில் முழுமையான துண்டுகளைக் கண்டதும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவருடைய பெயர் நூல்களில் நிலைத்தது. முதல் செராபிமைப் பிளந்தெடுத்த கல்தச்சன் யார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஸ்காட்லாந்தின் செந்நிற மணற்கற்களைப் பற்றி 1841இல் புகழ்பெற்ற நூல் எழுதிய ஹியூ மில்லரே கல்தச்சராக வாழ்வைத் தொடங்கியவர் என்பது இங்கே கருதத்தக்கது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் வேறொரு விந்தை. அங்கே கடல் தேள் உறங்கிய சுண்ணாம்புக் கல், சிமெண்டு செய்வதற்கு மிகவும் ஏற்றது. சிமெண்டுக்காக 19ஆம் நூற்றாண்டில் குவாரியை வெட்டியதனாலேயே உலகின் மிகச் சிறந்த கடல் தேள்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அதே குவாரியின் சூளையில் எத்தனையோ தேள்கள் சாம்பலாகவும் போயின. அக்குவாரிக்காரர்கள் நல்ல படிவங்களை ஒதுக்கி வைத்து, ஊரிலிருந்த இயற்கை விஞ்ஞானச் சங்கத்தின் காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள். அந்த ஒரு வழக்கம் இல்லாவிடில் நமக்கு இன்று தெரிந்ததில் பாதிகூடத் தெரிந்திராது.

இவ்வளவும் கேட்டபின், பாறசாலையில் கல்லுடைக்கும் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. "எங்கள் பாறமடையிலும் நாள்தோறும் கல் பிளக்கிறோமே, இதற்குள் ஒரு கடல் தேள் அகப்படாதா?" நியாயமான கேள்வி. அதற்குரிய விடை, அகப்படாது என்பது. ஏன் அகப்படாது என்பதில்தான் படிவம் சேகரிக்கும் கலையின் முதற்பாடம் இருக்கிறது.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்களின் எல்லை திருத்தப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளை அந்தப் பக்கம். இஞ்சிவிளையும் பாறசாலையும் இந்தப் பக்கம். இருந்த வீட்டைவிட்டு ஓரடி நகராமலேயே இந்தப் பக்கத்துத் தமிழர்கள் வெளிமாநிலத் தமிழர்கள் ஆனார்கள். பம்பாய்க்கும் டில்லிக்கும் ரயிலேறிப் போன நம்மவர்க்கு இந்த விதமான குடிபெயர்ச்சி சற்று விசித்திரமாகத் தோன்றலாம்! மேலே அப்படி ஒரு கோடு விழுந்ததே தவிர, அடியில் இருக்கும் பாறை இரு புறத்திலும் ஒன்றுதான். கோண்டலைட், சார்னக்கைட் என்பவை அதன் வகைகள். முதற்பெயர் கலிங்க நாட்டு மலைகளில் வாழும் கோண்டு மக்களின் பெயரால் வந்தது. இரண்டாவது, கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் சமாதிமேல் கிடக்கும் கல்லைக் கொண்டு தாமஸ் ஹாலண்டு என்ற நிலநூல் அறிஞர் சூட்டியது. அந்தச் சமாதிக் கல் சென்னைக்கருகே பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது என்பர்.

கோண்டலைட் தொடக்கத்தில் களிமண்ணாகவும் மணலாகவும் நீரடியில் படிந்தது. படிந்தது அப்படியே இருந்திருந்தால் நமக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் ஒன்றோடொன்று மோதியபோது, இந்த வண்டல் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுக்கப்பட்டு, 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்தது. ஒரு பகுதி உருகியும் ஓடிற்று. களிமண் போய், மாதுளை விதை நிறத்துக் கார்னெட் மணிகள் பூத்தன. அந்த உலையில் ஒரு மெல்லிய கைட்டின் ஓடு பிழைக்குமா? அதைக் கேட்கவும் தேவையில்லை. 55 கோடி எங்கே, முதற் கடல் தேளின் 46 கோடியே 70 லட்சம் எங்கே! பாறசாலைப் பாறை வெந்து முடிந்து 8 கோடி ஆண்டுகள் சென்ற பிறகே நமக்குத் தெரிந்த முதற் கடல் தேள் நீந்தத் தொடங்கியது.

ஆயினும் அந்தப் பாறை உயிரின் சாட்சியை முற்றும் இழந்துவிடவில்லை. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே வெள்ளநாட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராபைட்டு வெட்டியெடுத்தார்கள். பென்சிலில் நாம் 'ஈயம்' என்று தவறாக அழைக்கும் பொருள் அது. கோண்டலைட்டில் மின்னும் கிராபைட்டுச் செதில்களின் கார்பனை அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர்கள், அவற்றுள் பலவும் அந்தப் பழைய வண்டலில் கலந்திருந்த நுண்ணுயிர்களின் எச்சம் என்று கருதுகிறார்கள். உருவம் அழிந்தது, கரி மிஞ்சியது.

எங்கள் பக்கத்துச் சிறுவர்கள் சில வேளைகளில் கல்லில் செடி முளைத்திருக்கிறது என்று கொண்டுவருவார்கள். கொடிபோல் கிளைத்துக் கிளைத்துப் போகும் கரிய கோலம் பார்ப்பதற்கு அசல் பாசியைப் போலவே இருக்கும். அது மாங்கனீசு ஆக்சைடு பாறையின் வெடிப்பில் ஊறிப் படிந்த கோலமே. அதுபோலவே வெட்டுக்கல்லில் புழு குடைந்தாற்போன்ற துளைகள் காணப்படும். அவை மழைநீர் கரைத்த வழிகள். எந்தப் பிராணியின் வளையும் அல்ல. சேகரிப்பவன் முதலில் பழக வேண்டியது, உயிர் போல் தோன்றும் உயிரில்லாதவற்றை விலக்கும் பழக்கம். வலமும் இடமும் ஒத்த வடிவம், வரிசையான கணுக்கள், ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் உறுப்பு ஆகியவை இருந்தால் மட்டும் நின்று பார்க்கலாம்.

மலைப்பாறை முந்திப் பிறந்துவிட்டது. சரி, கடற்கரைப் பக்கம்? வடக்கே போனால் வர்க்கலையின் செங்குன்று. நிலக்கரி இனத்தைச் சேர்ந்த லிக்னைட்டும் மரத்துண்டுகளும் அதில் உண்டு. கொல்லத்தில் அஷ்டமுடிக் காயலோரம் படப்பக்கரை என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல் தலைகாட்டுகிறது. அதில் சிப்பியும் சங்கும் நுண்ணிய கடலுயிர் ஓடுகளும் நிறைந்திருக்கின்றன. தென் கேரளத்தில் கடற்படிவம் காண விரும்புவோர்க்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அதன் வயது 2 கோடி ஆண்டை ஒட்டியது. கடைசிக் கடல் தேள் மடிந்து 23 கோடி ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்தச் சிப்பிகள் வாழ்ந்தன. நமது அரியலூர்ப் படுகைகளும், நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டுகளுக்கு உலகப் புகழ் பெற்றவையாயினும், இவ்விஷயத்தில் பிந்தியவைதாம். ஆக, எல்லைக் கிராமத்தான் நிற்கும் இடத்தின் இக்கட்டு இது. அவனுக்குக் கிழக்கே இருக்கும் மலை கடல் தேளுக்கு மூத்தது. மேற்கே இருக்கும் கரையோரப் படுகை மிகவும் இளையது. நடுவிலிருந்த அத்தியாயம் அவ்வூர்ப் புத்தகத்தில் இல்லை.

இந்தியாவிலேயே அந்த அத்தியாயம் இல்லையோ என்று எண்ண வேண்டாம். ஹிமாசலப் பிரதேசத்தில் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தின் பின் பள்ளத்தாக்கில், மூத் என்று நிலநூலார் பெயரிட்ட வெண்ணிறப் படிகமணற்கல் அடுக்கு உண்டு. டெவோனியன் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்த அது, இன்றைக்கு 40 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரை மணலாக இருந்தது. அம்மணலில் பல கால்களையுடைய பிராணிகள் நடந்துபோன சுவடுகள் வரிசை வரிசையாகப் பதிந்து கல்லாகியிருக்கின்றன. 2001இல் அவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதியவர்கள், சில சுவடுகள் மரவட்டை இனத்தவை என்றும், சில கடல் தேள் நடந்து சென்றவை என்றும் முடிவு செய்தார்கள். உடல் இல்லை, ஓடு இல்லை, அடிச்சுவடு இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் இப்படி ஒரு சுவடு கண்டார்கள். 33 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட ஒரு கடல் தேள் நீரைவிட்டு ஏறி, தரையில் உடலை இழுத்து இழுத்துச் சென்ற 6 மீட்டர் நீளப் பாதை அது. கடல் தேள் கடலைவிட்டு வெளியே வரக்கூடியது என்பதை எந்த ஓடும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

ஓடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாம்பு சட்டை உரிப்பதைப் போலக் கடல் தேளும் வளர வளரத் தன் ஓட்டைக் கழற்றியது. நியூயார்க்குக் கற்களில் குவியல் குவியலாகக் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை இப்படிக் கழற்றிய சட்டைகளே. பத்துப் படிவம் வைத்திருப்பவனிடம் பத்துப் பிராணிகள் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஒரே பிராணியின் பத்துச் சட்டைகளாகவும் இருக்கலாம். எஸ்தோனியாவின் சாரேமா தீவில் கிடைக்கும் கற்களில் அந்தச் சட்டை 42 கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் மெல்லிய தோலாகவே எஞ்சியிருக்கிறது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் கெர்ஹார்டு ஹோம், கல்லை அமிலத்தில் கரைத்து அத்தோலைத் தனியே பிரித்தெடுத்து, மயிர்க்கால் வரை வரைந்து 1898இல் வெளியிட்டார். பொறுமை என்றால் அது பொறுமை.

சேகரிக்க விரும்பும் இளைஞர்களுக்குக் கருவிகள் அதிகம் வேண்டா. சுத்தியல், தட்டை உளி, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, கைலென்சு, பழைய செய்தித்தாள், ஒரு நோட்டுப்புத்தகம் போதும். கல்லைப் படுகையின் போக்கில் பிளக்க வேண்டும். குறுக்கே அடித்தால் படிவம் இரண்டாகும். பிளந்ததும் கிடைக்கும் இரு முகங்களையும் எடுக்க வேண்டும். ஒன்றில் மேடாக இருப்பது மற்றதில் பள்ளமாக இருக்கும்; ஒன்றில் தெரியாத கண் மற்றதில் தெரியும். அழகாக இருக்கட்டும் என்று வார்னிஷ் பூசுவது பெருந்தீமை. குவாரியில் இறங்குமுன் உரிமையாளரின் அனுமதியும், வெடி வைக்கும் நேரம் பற்றிய விவரமும் அவசியம்.

நோட்டுப்புத்தகத்தைக் கடைசியில் சொன்னேன். உண்மையில் சுத்தியலைவிட அதுவே முக்கியம். எந்த ஊர், எந்தக் குவாரி, மேலிருந்து எத்தனையாவது அடுக்கு, எந்தத் தேதி, கையில் எடுத்துக் கொடுத்தவர் யார். இவ்வளவும் எழுதிய சீட்டு கல்லோடு சேர்ந்திருக்க வேண்டும். சீட்டுத் தொலைந்தால் கல்லின் வயதும் தொலைந்தது. பாறசாலை மலைக்கல்லிலிருந்து எடுத்தது என்று எவராவது ஒரு கடல் தேளை நீட்டினால், அது வேறெங்கிருந்தோ வந்தது என்று உடனே சொல்லிவிட முடிகிறதல்லவா? அது இடமறிந்த அறிவினால்தான். அயல்நாட்டுச் சந்தைகளில் விலைக்கு வரும் படிவங்களுள் வெவ்வேறு பிராணிகளின் உறுப்புகளை ஒட்டி, விட்ட இடத்தை வர்ணத்தால் நிரப்பியவையும் உண்டு. அவற்றோடு வரும் சீட்டில் நாட்டின் பெயர் மட்டும் இருக்கும். குவாரியின் பெயர் இராது.

நோட்டுப்புத்தகத்தின் அருமை தெரிய வேண்டுமானால் ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் தியோடர் என்னும் ஊருக்கருகே நிலம் வைத்திருந்த ஒருவர், 1990களில் தம் நிலத்தில் கண்ட ஒரு கல்லை அருங்காட்சியகத்தில் கொடுத்தார். அது பல ஆண்டுகள் இழுப்பறையிலேயே கிடந்தது. அண்மையில்தான் எடுத்து ஆராய்ந்தார்கள். 25 கோடியே 20 லட்சம் ஆண்டு வயதுடைய கடல் தேள்! உலகில் கடைசியாக வாழ்ந்தவற்றுள் ஒன்று. கிடைத்த இடம் தெரிந்திருந்ததனால் அந்த வயதைச் சொல்ல முடிந்தது.

பஃபலோவின் சிமெண்டுக் குவாரியைச் சொன்னேனே, அதற்கு நிகரானது நம்மிடம் அரியலூரில் இருக்கிறது. 1860களில் பிளான்ஃபோர்டு அங்குள்ள அடுக்குகளை வகுத்தார். அவருக்குப் பின் ஸ்டோலிஸ்கா அவற்றின் படிவங்களை வர்ணித்து நூல்கள் எழுதினார். இன்றும் அங்கே சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். இயந்திரம் ஒரு நாளில் நொறுக்கும் கல்லை ஒரு மனிதன் ஓராண்டு குனிந்து பார்த்தாலும் தீராது. அங்கே வேலை செய்வோர் கண்ணில் சுருள் வடிவமோ பல்லோ பட்டால், அதனை ஒதுக்கி வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரணவாசியிலுள்ள படிவ அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்கலாம். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் கிணறு வெட்டும்போதோ காயலோரத்தில் மண்ணெடுக்கும்போதோ சிப்பி அடுக்கு வெளிப்பட்டால், திருவனந்தபுரத்திலுள்ள இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். எடுத்தவர் பெயரைக் கடிதத்தில் எழுத மறக்க வேண்டாம்.